துருவை மட்டும் எடுங்கள்

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை. வானொலியில் என் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. "நாளைக்கு உங்கள் வீட்டுப் பூஜையில் எந்தப் பொருளை வைக்கப் போகிறீர்கள்?" என்று நேயர்களிடம் கேட்டிருந்தேன். தையல்காரம்மா ஒருவர் கத்தரிக்கோல் என்றார். லாரி ஓட்டுநர் ஒருவர், லாரியையே வீட்டு வாசலில் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். கல்லூரி மாணவி மடிக்கணினி என்றார். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது செபராங் பிறையிலிருந்து ஒருவர் அழைத்தார்.

"அப்பாவோட சுத்தியல், வாள், இழைப்புளி எல்லாம் ஸ்டோர் ரூம்ல கெடக்கு மேடம். முழுக்கத் துரு. சாமிகிட்ட வைக்கவே கூச்சமா இருக்கு. அதனால கடையில புதுசா ஒரு சுத்தியல் வாங்கிட்டேன். பழசைப் பழைய இரும்பு வண்டிக்காரர்கிட்ட போட்டுடலாம்னு இருக்கேன்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "போட்டுடாதீங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடலைப் போட்டேன். பேச்சையே தொழிலாகக் கொண்டவளுக்கு அன்று பேச்சு வராததற்குக் காரணம் உண்டு. அவராவது அப்பாவின் கருவிகளைத் தொடாமல் வைத்திருந்தார். நான் தொட்டுக் கெடுத்தவள்.

பளபளப்பாக்கிய கதை

என் அப்பா பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். தினமும் காலையில் ஃபெர்ரி ஏறிப் போவார், மாலையில் ஃபெர்ரி ஏறி வருவார். ஓய்வு பெற்றபோது கூடவே வந்தது ஒரு மரப்பெட்டி. ஸ்பானர்கள், குறடு, அரங்கள், சுத்தியல்கள், ஓர் இழைப்புளி என்று எல்லாம் அதற்குள்தான். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கத்தில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி பல வருடம் கிடந்தது. ஈரத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நான்கு வருடங்களுக்கு முன் அப்பாவின் பிறந்த நாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பெட்டியில் இருந்த பெரிய ஸ்பானரை அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். பக்கத்து வீட்டில் கிரைண்டர் இரவல் வாங்கி, கம்பிச் சக்கரத்தை மாட்டி, அரை மணி நேரத்தில் அதை வெள்ளிக் கரண்டி போல் ஆக்கிவிட்டேன். ரிப்பன் கட்டிக் கையில் கொடுத்தேன்.

அப்பா அதை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். பிடியின் ஓர் இடத்தில் கட்டைவிரலால் தடவித் தடவித் தேடினார். பிறகு, "நல்லா பளபளன்னு இருக்கும்மா" என்று சொல்லிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அம்மாதான் சொன்னார். பட்டறையில் இருபது பேர் ஒரே மாதிரி ஸ்பானர் வைத்திருப்பார்களாம். மாறிப் போகாமல் இருக்க, ஒவ்வொருவரும் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் புள்ளி புள்ளியாகக் கருவியில் குத்தி வைப்பார்களாம். அப்பா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்பானரில் குத்திய எழுத்தைத்தான் நான் தேய்த்துத் துடைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு மாதத்துக்குள் அந்த ஸ்பானர் மறுபடியும் துருப்பிடித்தது. பெட்டியில் அதற்குப் பக்கத்தில் கிடந்த, நான் தொடாத கறுத்த ஸ்பானர் அப்படியே இருந்தது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளப் படித்தேன், கேட்டேன், செய்து பார்த்தேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பினாங்கும் துருவும்

இரும்பு, காற்றில் உள்ள ஆக்சிஜன், நீர் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். பினாங்குத் தீவில் இந்த நான்குக்கும் குறைவில்லை. காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. சுற்றிலும் கடல். போதாக்குறைக்கு நம் கை வியர்வையிலும் உப்பு உண்டு. வெறும் கையால் எடுத்துப் பார்த்துவிட்டுத் துடைக்காமல் வைத்த உளியில், சில நாளில் விரல் ரேகை பழுப்பாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு படலம் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்பின் செந்துரு அப்படியல்ல. அது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் உப்பி, வெடித்து, செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளியே தெரியும், அதையும் துரு தின்னும். பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யும். அதனால் செந்துருவை எடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் பழைய கருவியின் மேல் இருக்கும் எல்லாக் கறையும் செந்துரு அல்ல. பல வருடம் எண்ணெயும் கையும் பட்டுப் பட்டு, இரும்பின் மேல் கறுப்பும் பழுப்புமாக ஓர் இறுக்கமான படலம் வரும். அது உதிராது. ஈரம் உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். தொடாமல் விட்ட கறுத்த ஸ்பானரைக் காத்தது அந்தப் படலம்தான். நான் பளபளப்பாக்கிய ஸ்பானருக்கு அந்தத் தோல் இல்லை. எண்ணெய் தடவவும் எனக்குத் தெரியவில்லை.

டெல்லியில் குதுப்மினார் வளாகத்தில் உள்ள இரும்புத் தூணைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்போம். சுமார் 1,600 ஆண்டுப் பழமை, 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. வெயிலிலும் மழையிலும் நின்றும் அது துருவில் கரைந்து போகவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி. உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் என்றும், அதனால் மேற்பரப்பில் உருவான மெல்லிய படலமே தூணைக் காக்கிறது என்றும் விளக்கினார். தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்புறமாகக் கைகளைக் கோர்த்தால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்து, அந்த உயரத்தில் மட்டும் தூண் தேய்ந்து பளபளத்துவிட்டது. 1997 இல் சுற்றி வேலி போட்டார்கள்.

அதாவது, அங்கே அழுக்கு என்று நினைக்கக்கூடியதுதான் காவல். பளபளப்புதான் சேதம்.

முதலில் பாருங்கள்

ஜார்ஜ்டவுனில் நகர விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில் லோரோங் குலிட் பழைய பொருள் சந்தை காலையில் கூடும். பழைய நாணயம், மணிக்கூண்டு, இசைத்தட்டு, காலணி என்று எல்லாம் கிடைக்கும். ஒரு பக்கம் தார்ப்பாயில் பழைய கருவிகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். என் ஸ்பானர் கதையை அங்கே கருவி விற்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வாளை எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். பழுப்பு நிறத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எழுத்துகள். "பெலான்-பெலான்" என்றார். மெதுவாக, மெதுவாக.

அன்றிலிருந்து எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் பத்து நிமிடம் பார்ப்பது மட்டும்தான். நீங்களும் இவற்றைக் கவனியுங்கள்.

எழுத்து, முத்திரை: பழைய வாள்களின் தகட்டில் தயாரிப்பாளர் பெயர் அமிலத்தால் மிக மெல்லியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 1840 இல் பிலடெல்பியாவில் தொடங்கிய டிஸ்டன் நிறுவனத்தின் வாள்கள் இதற்குப் பேர்போனவை. சொரசொரப்பான உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் போதும், அந்த எழுத்து போய்விடும். பிடியிலும் தண்டிலும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போட்ட அடையாளமும் இருக்கலாம்.

பூச்சு: இழைப்புளியின் வார்ப்பிரும்பு உடலில் கறுப்பு அரக்குப் பூச்சோ பெயின்ட்டோ இருக்கும். ஸ்டான்லி இழைப்புளிகளில் கறுப்பு, ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்ட் இழைப்புளிகளில் நீலம். கம்பி பிரஷ் போட்டால் துருவோடு பூச்சும் உதிரும். மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது.

முலாம்: பளபளக்கும் ஸ்பானர்களில் குரோமிய முலாம் இருக்கும். அது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது.

மரப்பிடி: மரம் தண்ணீரையும் அமிலத்தையும் உறிஞ்சும். கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் ஊற வைக்கும் வேலையே வேண்டாம்.

பிறகு ஒரு சின்னச் சோதனை. வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் ஓரத்தில் தேயுங்கள். துணியில் செங்கல் நிறம் ஏறினால் அது உயிருள்ள துரு, எடுக்க வேண்டியது. எதுவும் ஒட்டாமல் கறுப்பு அப்படியே இருந்தால், அதை விட்டுவிடுங்கள்.

மென்மையிலிருந்து தொடங்குங்கள்

வேலைக்கு ஒரே விதிதான். மிக மென்மையான வழியில் தொடங்குங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். எந்த வழியானாலும் முதலில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் செய்து பாருங்கள்.

முதல் படி, எண்ணெயும் பொறுமையும். தையல் இயந்திர எண்ணெயோ மண்ணெண்ணெயோ துணியில் நனைத்துக் கருவியைச் சுற்றி, ஓர் இரவு வைத்துவிடுங்கள். டபிள்யூ.டி.-40 இருந்தால் அதுவும் ஆகும். அமெரிக்காவில் 1953 இல் நீரை விரட்டுவதற்காகச் செய்து பார்த்த கலவைகளில் 40-ஆவது முயற்சி வெற்றி பெற்றதால் வந்த பெயர் அது. காலையில் பாதித் துரு துணியோடு வந்துவிடும். மண்ணெண்ணெயை அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் எட்டவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி, மென்மையான தேய்ப்பு. ஹார்ட்வேர் கடைகளில் ஸ்டீல் வூல் கேளுங்கள். எண்ணில் பூச்சியம் கூடக் கூட இழை மெல்லியதாகும். நமக்கு வேண்டியது நான்கு பூச்சியம் போட்டது. எண்ணெயில் தோய்த்தே தேய்க்க வேண்டும், காய்ந்த நிலையில் கூடாது. மூலை முடுக்குக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ், பித்தளைக் கம்பி பிரஷ். பித்தளை எஃகைவிட மென்மை என்பதால் எஃகைக் கீறாது. எழுத்துப் பொறித்த இடத்தில் இவை எதுவும் வேண்டாம். எண்ணெய்த் துணியும் விரலும் போதும்.

குரோமிய முலாமுக்கு ஒரு தனி வழி. சமையலறை அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது, அதனால் கீறாமல் துருப்புள்ளியை மட்டும் எடுக்கும். முலாமே உரிந்திருந்தால் அங்கே நிறுத்திவிட்டு எண்ணெய் தடவுங்கள். உரிந்த முலாமை வீட்டில் திருப்பிக் கொண்டுவர முடியாது.

மூன்றாம் படி, அமிலம். நம் அம்மாக்கள் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள் அல்லவா? புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கறையைக் கரைக்கிறது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமும் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் துருவை அப்படித்தான் கரைக்கின்றன. ஆனால் அமிலத்துக்குத் துரு எது, இரும்பு எது என்று முழுதாகப் பிரித்தறியத் தெரியாது. துரு தீர்ந்ததும் இரும்பைத் தொடும். பழைய கறுப்புப் படலத்தையும், நீலக்கறுப்பாக்கிய எஃகின் நிறத்தையும் எடுத்துவிட்டு, வெளிறிய சாம்பல் நிறத்தை விட்டுச் செல்லும். நன்கு கடினப்படுத்திய மெல்லிய வாள், ஸ்பிரிங் போன்றவை அமிலத்தில் நீண்ட நேரம் கிடந்தால் நொறுங்கும் தன்மை அடையலாம்.

அதனால் மேற்பரப்பு ஏற்கெனவே கெட்டுப்போன, முலாமோ எழுத்தோ இல்லாத கருவிக்கு மட்டும் வினிகர். ஊற வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பாதீர்கள். மணிக்கு ஒரு தடவை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி சமையல் சோடா கலந்து அலசினால் மிச்ச அமிலம் அடங்கும். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பட்டே பக்கத்துக் கருவிகளெல்லாம் துருப்பிடிக்கும். எந்த அமிலத்தையும் குளோராக்ஸ் போன்ற வெளுப்பானோடு கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும்.

நான்காம் படி, மின்சார முறை. பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் சலவை சோடா கரைத்து, கார் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கருவியிலும், நேர்முனையை வேண்டாத இரும்புத் துண்டிலும் மாட்டுவார்கள். துரு தளர்ந்து உரியும். நல்ல இரும்பு கரையாது. ஆனால் பூச்சும் பெயின்ட்டும் கூடவே உரிந்துவிடும். முனை மாறினால் கருவியே கரையும். ஸ்டெயின்லஸ் எஃகை நேர்முனையில் போட்டால் நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்கு இது சரிப்படாது. அனுபவம் உள்ளவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

கிரைண்டர் இந்தப் படிகள் எதிலும் இல்லை. அது துருவோடு எழுத்தையும் எடுக்கும் என்பது எனக்குத் தெரிந்த கதை. உளி, இழைப்புளியின் அலகு போன்றவற்றுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. தேய்க்கும் சூட்டில் எஃகு நீலம் பாய்ந்தால் அதன் கடினத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். பிறகு கூர் நிற்காது.

பாட்டியின் உளி

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகுதான் அப்பா அந்தச் சாக்குத் துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தார். பெட்டியின் அடியில் இருந்தது. உள்ளே பாட்டியின் பால் மரம் சீவும் உளி.

பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, காண்டா வாளியோடு போய், மரம் மரமாகப் பட்டையைச் சீவி, மங்கில் பால் எடுத்தவர். நான் சிறுமியாக இருந்தபோதே காலமாகிவிட்டார். உளி முழுக்கச் செங்கட்டியாக இருந்தது. வளைந்த அலகின் பள்ளம் துருவால் நிறைந்திருந்தது.

"தண்டுல உங்க பாட்டி அரத்தால மூணு கோடு போட்டிருப்பாங்க. எழுதப் படிக்கத் தெரியாதுல்ல, அதான் அடையாளம். பாத்துச் செய்ம்மா" என்றார் அப்பா. ஸ்பானரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று வாரம் ஆனது. நிகழ்ச்சி முடிந்து வந்து தினமும் அரை மணி நேரம். மண்ணெண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பேன். மறுநாள் சாத்தே குச்சியின் முனையால் பள்ளத்தில் மெதுவாகச் சுரண்டுவேன். மூங்கில் என்பதால் எஃகைக் கீறாது. பல் பிரஷ், எண்ணெய், துணி. தண்டுப் பக்கம் வரும்போது ஸ்டீல் வூலையும் வைத்துவிட்டு விரலால் மட்டும் தேய்ப்பேன்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாட்டியின் வேலையைப் பற்றிப் பேசுவார். பால் மரத்தின் பட்டைக்குள்தான் பால் ஓடும். பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கும் உயிர்த் திசு இருக்கிறது. உளி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்படும், பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த முறை அங்கே வெட்ட முடியாது. ஒரு நாளைக்கு எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரத்தில், கை அந்த அளவை விட்டு மாறக் கூடாது.

பால் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்த காலமும் இருந்தது. மரங்கள் நாசமாயின. 1888 இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மறுபடி மறுபடி திறந்து பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். ஒரே மரம் பல வருடம் பால் தந்தது அதனால்தான். ஆனால் அந்த முறையைக் கையில் பிடித்து, தினமும் மரத்தைக் காயப்படுத்தாமல் செய்து காட்டியவர்கள் நம் பாட்டிகளும் தாத்தாக்களும்.

எவ்வளவு எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதுதான் பாட்டியின் தொழிலாகவே இருந்திருக்கிறது. அவருடைய உளியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதைத்தான் கற்றுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் முதல் கோடு தெரிந்தது. நாலு நாள் கழித்து இரண்டாவது. மூன்றாவது வரவே இல்லை. அந்த இடத்தில் துரு குழியாகத் தின்றிருந்தது. எவ்வளவு மென்மையாகத் துடைத்தாலும், துரு தின்ற இரும்பு திரும்ப வராது. "நான் வேணா அரத்தால ஒரு கோடு போட்டுடவாப்பா?" என்று கேட்டேன். அப்பா தலையாட்டி மறுத்தார். "வேணாம்மா. ரெண்டு இருக்குல்ல. அது அவங்க போட்டது."

நம் ஊரே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு வருகிறது. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும்போது சிமெண்ட் பூசாதீர்கள், சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள் என்று வலியுறுத்துகிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்து, பழைய செங்கல்லை அரிக்க வைக்கும். புதிதாகத் தெரிய வைப்பது வேறு, பழையதைக் காப்பாற்றுவது வேறு.

துடைத்த பிறகுதான் வேலை

துருவை எடுத்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊர் ஈரத்தில், வெறும் இரும்பில் சில மணி நேரத்திலேயே மெல்லிய மஞ்சள் துரு படரும். தண்ணீர் பட்டிருந்தால் உடனே துடைத்து, முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் மூலை முடுக்கெல்லாம் காய வையுங்கள். சூடு ஆறுவதற்குள் மெல்லியதாகத் தையல் இயந்திர எண்ணெய் தடவித் துடையுங்கள். அடிக்கடி எடுக்காத கருவிக்குத் தேன்மெழுகோ மேசை நாற்காலிக்குப் போடும் மெழுகோ நீண்ட நாள் நிற்கும். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளானால் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காய வைத்தோ, தண்ணீரில் நனைத்தோதான் எறிய வேண்டும்.

கருவியைச் சிமெண்ட் தரையிலும் தோல் உறையிலும் வைக்காதீர்கள். இரண்டுமே ஈரத்தைக் கொண்டு வந்து சேர்க்கும். தோலைப் பதப்படுத்தப் பயன்பட்ட உப்புகளும் இரும்புக்கு ஆகாது. புதுக் காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் கருவிப் பெட்டியில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

ஆயுத பூஜைக்கும் ஒரு சொல். ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் இரும்பின் மேல் வைத்து வாரக்கணக்கில் விட்டுவிட்டால், பொட்டு வைத்த இடத்தில்தான் முதலில் துரு வரும். மரப்பிடியில் பொட்டு வையுங்கள். இரும்பில் வைத்தே ஆக வேண்டும் என்றால், மறுநாள் காலையில் துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாட்டியின் உளி இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பளபளக்கவில்லை. கறுப்பாக, அங்கங்கே குழியோடு, இரண்டு கோட்டோடு இருக்கிறது. அதைக் கூர் தீட்டவும் இல்லை.

உளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய ஸ்பானரை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். "உங்க எழுத்தை மறுபடி குத்துங்கப்பா" என்றேன். "இப்ப இதை யாரும்மா எடுத்துட்டுப் போகப் போறா?" என்று சிரித்தார். ஆனாலும் பெட்டியில் குத்தூசியைத் தேடி எடுத்தார். கை நடுங்கியது. புள்ளிகள் வரிசையாக விழவில்லை, எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. பழைய இடத்தில் குத்தவில்லை, சற்றுத் தள்ளிக் குத்தினார். பிறகு எண்ணெய்த் துணியால் துடைத்து அவரே பெட்டியில் வைத்தார்.

அன்று அழைத்த செபராங் பிறை அண்ணன் இதைப் படிக்கிறாரா தெரியவில்லை. படித்தால், அண்ணா, அந்தச் சுத்தியல் இன்னும் உங்களிடம் இருந்தால் ஒரு வெள்ளைத் துணியும் கொஞ்சம் எண்ணெயும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இந்த ஆண்டு பூஜையில் அதையே வையுங்கள்.